பூட்டி வைத்த நூற்று அறுபது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அலுவலகத்தில் அதைவிட நன்றாகத் தெரியும். இப்போது நான் சொல்லப்போவதும் ஒரு கோபத்தில் ஆரம்பித்ததுதான்.

அபிராமபுரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் எங்கள் அறக்கட்டளையின் அலுவலகம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மாதாமாதம் மாத்திரை கொடுப்பது, அவர்கள் அதை விடாமல் சாப்பிடுகிறார்களா என்று வீட்டுக்கே போய்ப் பார்ப்பது, இதுதான் எங்கள் வேலை. நகரத்தில் நான்கு இடங்களில் மையங்கள் இருந்தன. அடையாற்றின் கரையில் ஒன்று, மீனவர் குப்பத்தில் ஒன்று, தேனாம்பேட்டையில் ஒன்று, ஈக்காட்டுத்தாங்கலில் ஒன்று. மையம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அறை, ஓர் அலமாரி, பிரஷர் பார்க்கும் கருவி, ஒரு களப்பணியாளர். அவர்கள் நோட்டில் எழுதிப் போனில் பதிந்து அனுப்புவதை எல்லாம் சேர்த்து மாத ரிப்போர்ட் தயாரிப்பது நான். பதினோரு வருஷமாக அந்த ஒரே நாற்காலி, அந்த ஒரே ஜன்னல்.

ரிப்போர்ட்டில் எல்லோரும் பார்ப்பது ஒரே ஓர் எண்ணைத்தான். பதிவு செய்திருப்பவர்களில் எத்தனை சதவீதம் பேர் இந்த மாதம் மாத்திரை வாங்கினார்கள்? மற்ற பக்கங்களை நான் எதற்கு மாய்ந்து மாய்ந்து செய்கிறேன் என்று எனக்கே சில சமயம் தோன்றும்.

எங்கள் செயலாளர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். ஆனால் கணினியில் கை வைத்தால் ஏதாவது ஒன்றைக் கலைக்காமல் எடுக்க மாட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நன்கொடையாளர்கள் வந்திருந்த ஒரு கூட்டத்தில், என் ரிப்போர்ட்டைத் திரையில் போட்டுக் காட்டினார். சும்மா காட்டியிருக்கலாம். 'மாத்திரை வாங்கியவர்கள்' என்ற ஃபில்டரைத் தட்டிவிட்டார். உடனே ஆற்றங்கரை மையத்துக்கு நூறு சதவீதம் என்று வந்தது. வராமல் என்ன செய்யும்? வாங்கியவர்களை மட்டும் திரையில் வைத்துக்கொண்டு, இவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேட்டால் நூறுதான் வரும். குப்பத்துக்கும் நூறு, தேனாம்பேட்டைக்கும் நூறு, ஈக்காட்டுத்தாங்கலுக்கும் நூறு. மனிதர் பூரித்துப்போய், "நாலு சென்டரும் நூத்துக்கு நூறு!" என்று அறிவித்தார். வந்தவர்களில் ஒருவர் சத்தமாகவே சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை என் மேஜைக்கு வந்து நின்றார்.

"என்னம்மா ரிப்போர்ட் இது? நான் ஃபில்டரைத் தொட்டா பர்சன்டேஜ் டான்ஸ் ஆடுது. அத்தனை பேர் முன்னாடி மானம் போச்சு."

"தொடாதீங்கன்னு சொன்னேனே சார்."

"தொட்டாலும் மாறக் கூடாது. அப்படிச் செஞ்சு குடு. இல்லேன்னா சொல்லிடு, வேற ஆளை வச்சு செஞ்சுக்கறேன்."

வேற ஆளாம்! எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. முறையாகச் செய்வதென்றால், எந்த ஃபில்டர் போட்டாலும் மொத்தத்தைப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு மாதமும் புதிதாக எண்ணி வரும்படி ஃபார்முலா எழுத வேண்டும். அரை நாள் பிடிக்கும். அன்றைக்கு எனக்கு அந்தப் பொறுமை இல்லை. தனியாக ஒரு ஷீட் திறந்தேன். நான்கு மையங்களிலும் அன்று பதிவில் இருந்தவர்களின் எண்ணிக்கையைக் கையாலேயே தட்டினேன். ஆற்றங்கரைக்கு நூற்று அறுபது. எல்லாச் சதவீதமும் அந்த எண்ணால்தான் வகுபட வேண்டும் என்று மாற்றி, அந்த ஷீட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினேன்.

"இனிமே நீங்க எதை வேணா ஃபில்டர் பண்ணுங்க சார். கீழ இருக்கற நம்பர் அசையாது," என்றேன். அவருக்குத் திருப்தி. எனக்கும் அவர் வாயை அடைத்துவிட்ட திருப்தி.

அதற்குப் பிறகு ஆற்றங்கரை மையத்தின் சதவீதம் இறங்க ஆரம்பித்தது. எண்பத்தெட்டில் இருந்தது எழுபது ஆனது. பிறகு அறுபத்தொன்று, நாற்பத்தைந்து. கடைசியில் முப்பத்தாறில் வந்து உட்கார்ந்துகொண்டது. மற்ற மூன்று மையங்களும் ஒழுங்காக எண்பதுக்கு மேலே நிற்க, இது மட்டும் பாதாளத்துக்குப் போனால் யாரைச் சந்தேகப்படுவார்கள்? அங்கே வேலை பார்த்த அம்மாவைத்தான். நானும் அவரைத்தான் சந்தேகப்பட்டேன்.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். அந்தக் கரையிலேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். மாதக் கடைசியில் நான் போன் போடுவேன். வணக்கம்கூடச் சொல்ல மாட்டேன்.

"ஏம்மா, மறுபடி கொறைஞ்சிருக்கு. வீட்டுக்கு வீடு போறீங்களா, இல்ல உக்காந்த எடத்துலயே டிக் அடிக்கறீங்களா?"

"போய்க்கினுதான் கீறேன் மேடம்."

"போனா ஏன் கொறையுது?"

"பாத்துக்கலாம் மேடம்." அவ்வளவுதான் பதில். ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. தப்பு செய்கிறவள்தான் இப்படிப் பதுங்குவாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு நிர்வாகக் குழுக் கூட்டம். காலையில் செயலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"ஆத்தங்கரை விஷயத்த இன்னிக்கு முடிச்சிடலாம். அந்தம்மாவை நிறுத்திட்டு வேற ஆள் போடறோம். அவங்களையும் வரச் சொல்லியிருக்கேன். நோட்டை வாங்கி ஒரு தடவை ரிப்போர்ட்டோட ஒத்துப் பாத்துடு. நாளைக்கு யாரும் வந்து கேள்வி கேக்கக் கூடாது பாரு."

சொல்லிவிட்டு, தி.நகரில் ஏதோ வேலை என்று கிளம்பிப் போய்விட்டார்.

அந்த அம்மா பதினொன்றரைக்கு வந்தார். துணிப்பையிலிருந்து இரண்டு நீள நோட்டுகளை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டு, உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே இருந்தார். நான் முதல் நோட்டைத் திறந்தேன். கையெழுத்து கோணல் மாணல்தான், ஆனால் விவரம் ஒன்றுகூட விடவில்லை. பெயர், பிரஷர் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, எந்தத் தேதியில் எத்தனை மாத்திரை கொடுத்தார், பழைய அட்டையில் எத்தனை மீதம் இருந்தது. மீதம் இருந்த மாத்திரையை எண்ணி எழுதிய களப்பணியாளர் இவர் ஒருவர்தான். டிக் மட்டும் அடிக்கிறவள் இதையெல்லாம் எதற்கு எழுதப்போகிறாள்?

நாலைந்து பக்கம் தள்ளியதும் சிவப்பு மையில் கோடு போட்ட பெயர்கள் வந்தன. வரிசையாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பிளாக் நம்பர், ஒரு வீட்டு நம்பர்.

"இதெல்லாம் என்ன?"

"வூடு மாத்தி வுட்டாங்கள்ல மேடம். அவங்கதான்."

"எத்தனை பேர்?"

"நூறு பேரு மேடம். மொதல்ல ஒரு நாப்பது. அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா மிச்ச பேரு."

ஆற்றோரக் குடும்பங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு மாற்றுகிறார்கள் என்பது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? எனக்கும் தெரியும். வீடுகளை இடித்த இடத்தைப் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டியிருக்கிறேன். அந்த வீடுகளில் இருந்தவர்கள்தான் என் ஷீட்டில் இருக்கும் நூற்று அறுபது பேர் என்று ஒரு நாளும் எனக்கு உறைக்கவில்லை. என்ன ஜென்மமோ நான்!

"இதைப் போன்ல பதியலையா நீங்க?" அப்போதும் என் குரல் அதட்டலாகத்தான் வந்தது.

"பதிஞ்சிகினுதான் கீறேன் மேடம். 'இடம் மாறினார்'னு ஒரு கட்டம் கீதே. அதுல டிக் அடிப்பேன்."

திறந்து பார்த்தேன். இருந்தது. நான்தான் எப்போதோ அந்தக் கட்டத்தைச் சேர்த்திருந்தேன். நூறு பெயருக்கும் நூறு டிக். என் ஃபார்முலா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குத்தான் கையால் தட்டிய நூற்று அறுபது இருந்ததே, பாஸ்வேர்டு காவலோடு!

கால்குலேட்டரை எடுத்தேன். இப்போது கரையில் இருக்கும் நோயாளிகள் அறுபது பேர். அந்த மாதம் மாத்திரை வாங்கியவர்கள் ஐம்பத்தேழு பேர். ஐம்பத்தேழை நூற்று அறுபதால் வகுத்தால் முப்பத்தாறு சதவீதம். அறுபதால் வகுத்தால் தொண்ணூற்றைந்து. நான்கு மையங்களிலும் இதுதான் முதல்.

ஒரு வருஷத்துக்கு மேலாக இந்த மனுஷியை நான் போனில் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன். இன்னும் மூன்று மணி நேரத்தில், நான் பூட்டி வைத்த எண்ணைக் காரணம் காட்டி இவரை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள்.

"அம்மா, தப்பு உங்க மேல இல்ல," என்றேன். "என் ரிப்போர்ட்ல இருக்கு. உங்க பர்சன்டேஜ் தொண்ணூத்தஞ்சு. மூணு மணிக்கு நான் உள்ள போய்ச் சொல்லிடறேன்."

அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மாறாக, அவர் பயந்துபோனார். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"வேணாம் மேடம். வுட்டுருங்க."

"எதை விடறது?"

"அந்த முப்பத்தாறே இருக்கட்டும் மேடம். நீங்க ஒண்ணியும் சொல்லாதீங்க."

"உங்களை நிறுத்தப் போறாங்கம்மா! எதுக்குக் கூப்பிட்டிருக்காங்கன்னு தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா?" எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இப்படி வாயில்லாப் பூச்சியாக இருந்தே கெட்டுப்போகிறார்கள் என்று நினைத்தேன். "நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் பாத்துக்கறேன்."

அவர் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையை உயர்த்தித் தடுத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

செயலாளர் எடுக்கவில்லை. பன்னிரண்டரைக்கு அடித்தேன், ஒன்றுக்கு அடித்தேன். ஒன்றேமுக்காலுக்கு அடித்தபோது எடுத்து, "டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன், நேர்ல பேசிக்கலாம்," என்று வைத்துவிட்டார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே தோன்றவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றேன், வந்து உட்கார்ந்தேன், பாஸ்வேர்டு போட்டு அந்த ஷீட்டைத் திறந்து பார்த்து மறுபடி மூடினேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். இடையில் ஒரு பத்து நிமிஷம் எனக்குக் கெட்ட புத்தி வந்தது. ஷீட்டைத் திறக்க என் ஒருத்தியால்தான் முடியும். அடுத்த மாதம் சத்தம் போடாமல் எண்ணை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? புதிதாக வருகிற ஆள் வந்ததும் சதவீதம் எகிறிவிட்டது என்று எல்லோரும் மெச்சிக்கொள்வார்கள். என் வேலைக்கு ஆபத்து இல்லை. சீ, இப்படியும் ஒரு மனசா என்று என்னையே திட்டிக்கொண்டு நோட்டுகளை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன்.

செயலாளர் மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது குழு உறுப்பினர்களோடு படியேறி வந்தார். படிக்கட்டிலேயே மறித்தேன்.

"சார், ரிப்போர்ட்ல ஒரு பெரிய தப்பு இருக்கு."

"இப்பவா சொல்றே?" அவர் முகம் வெளுத்துவிட்டது. "உள்ள வா. நானே கேக்கறப்ப சொல்லு."

கூட்ட அறையில் ஐந்து பேர். பொருளாளர் ஓர் ஆடிட்டர் அம்மா, என்னைவிடப் பத்து வயது பெரியவர், கூர்மையானவர், வீணாக ஒரு வார்த்தை பேச மாட்டார். வெளியே கதவை ஒட்டிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஆற்றங்கரை அம்மா உட்கார்ந்திருந்தார். ஏசி வேலை செய்யாததால் கதவு திறந்தே இருந்தது.

ஆற்றங்கரையின் முறை வந்தது. செயலாளர் என்னைப் பார்த்தார். எழுந்து நின்றேன்.

"முப்பத்தாறு சதவீதம்கறது தப்பு. தப்பு என்னோடது," என்று ஆரம்பித்தேன். பூட்டியதைச் சொன்னேன், நூறு பேர் இடம் மாறியதைச் சொன்னேன், நோட்டைத் திறந்து காட்டினேன். "இன்னிக்கு அங்க இருக்கறது அறுபது பேர். அதுல ஐம்பத்தேழு பேருக்கு மாத்திரை போயிருக்கு. தொண்ணூத்தஞ்சு சதவீதம். நாலு சென்டர்ல இவங்கதான் முதல். இவங்களை நிறுத்தறதுன்னா அதுக்கு முன்னாடி என்னை நிறுத்துங்க."

கடைசி வாக்கியம் கொஞ்சம் ஓவர்தான். ஆனால் அப்படியே சொன்னேன்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொருளாளர் நோட்டை வாங்கிப் பொறுமையாக இரண்டு மூன்று பக்கம் பார்த்தார். "ரொம்ப நன்னா வச்சிண்டிருக்காங்க," என்றார். எனக்கு மூச்சு வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் நோட்டை மூடினார்.

"அப்போ, அங்க மொத்தமே அறுபது பேர்தானா?"

"ஆமா மேடம்."

"அறுபது பேருக்கா தனியா ஒரு சென்டர் வச்சு நடத்திண்டிருக்கோம்?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும், "மேடம், அந்த அறுபது பேரும் ஒழுங்கா மாத்திரை சாப்பிடறதுக்குக் காரணமே..." என்று தொடங்கினேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நான் அவங்களைக் குறை சொல்லலை. தேனாம்பேட்டைல முன்னூறு பேருக்கு ஒரே ஆள் திண்டாடறா. இந்த நம்பர் சரியா வந்திருந்தா போன வருஷமே முடிவு பண்ணியிருக்கலாம். ஈக்காட்டுத்தாங்கல் சென்டரோட சேத்துடலாம். அங்க ஏற்கெனவே ஆள் இருக்கு. இவங்க அறுபது பேரும் அங்க வந்து வாங்கிக்கட்டும்."

நான் விடவில்லை. வயசானவர்கள் எப்படி வருவார்கள், வீட்டுக்கு வந்து பார்க்க யார் இருப்பார்கள் என்று கத்தாத குறையாகப் பேசினேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டு, மையத்தை அடுத்த மாதத்தோடு மூடுவதென்று எழுதிக்கொண்டார்கள். "அந்தம்மாவுக்கு ஒரு பாராட்டும் பதிவு பண்ணிடலாம்," என்றார் செயலாளர். மொத்தம் பதினைந்து நிமிஷம்.

வெளியே வந்தபோது அந்த அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் மேஜைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"காலைல நீங்க ஏன் சொல்லாதீங்கன்னு சொன்னீங்கன்னு இப்பத்தான்..." என்றேன்.

"நூத்தி அறுவதுன்னு போட்டுகினு இருந்தவரைக்கும் சென்டரு கீது மேடம். அறுவதுன்னு தெரிஞ்சா மூடுவாங்கன்னு எனுக்கு அப்பவே தெரியும். அதான் நீங்க போன்ல திட்டசொல்லோ நான் ஒண்ணியும் சொல்லல."

"உங்களை நிறுத்தியிருப்பாங்களே!"

"நிறுத்தட்டும் மேடம். எனக்குப் பதிலா வேற யாரோ ஒருத்தி வந்திருப்பா. அந்த ரூம்பு இருந்திருக்கும், அலமாரி இருந்திருக்கும். இப்ப இன்னா பண்ணுவாங்க அதுங்க? ஒருத்தருக்குக் கண்ணு தெரியாது, ஒருத்தருக்குக் காலு கெடையாது. பஸ்ஸு ஏறி ஈக்காட்டுத்தாங்கலுக்கு யாரு போவா? ரெண்டு மாசம் போவாங்க. அப்பறம் வுட்டுருவாங்க."

"என்னை மன்னிச்சிடுங்கம்மா." அழுதுவிட்டேன். அலுவலகத்தில் நான் அழுது யாரும் பார்த்ததில்லை.

"நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க மேடம்," என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நோட்டுகளைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எழுந்தவர், தயங்கி நின்றார்.

"ஒரே ஒரு ஒதவி மேடம். தொண்ணூத்தஞ்சுன்னு சொன்னீங்கள்ல, அத்த ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. நாளைக்கு வேற எங்கனா வேல கேக்கப் போனா காட்டலாம்."

அலுவலகத் தாளில் உடனே தட்டச்சு செய்தேன். இத்தனை வருஷம் பணியாற்றினார், அவருடைய மையத்தில் பதிவு செய்திருந்த 60 பேரில் 57 பேர், அதாவது 95 சதவீதம் பேர், தவறாமல் மாத்திரை பெற்றார்கள் என்று எழுதினேன். செயலாளரிடம் ஓடி முத்திரை வைத்துக் கையெழுத்து வாங்கி, என் கையெழுத்தையும் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். அறுபது என்ற இடத்தில் விரல் நின்றது.

"இது வேணாம் மேடம்."

"எது?"

"இந்த அறுவது, அம்பத்தேழு. இத்த எடுத்துடுங்க. வெறும் தொண்ணூத்தஞ்சு மட்டும் இருக்கட்டும்."

எத்தனை பேரில் என்று சொல்லாத சதவீதம் எதையும் அதுவரை என் கையால் ஒரு தாளிலும் நான் எழுதியதில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. தாளை வாங்கிக் கிழித்துப் போட்டேன். அந்த இரண்டு எண்களையும் அழித்து மறுபடி அச்செடுத்தேன். செயலாளர் ஏன் என்று கேட்காமல் இரண்டாவது தடவையும் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே நானும் போட்டேன்.